பாக்கெட் லாஸ்: பூஜ்யம்

டப்ளினில் எங்கள் அலுவலகத்தில், தொலைந்துபோவதற்கு ஏற்கத்தக்க அளவு என்று ஒன்று உண்டு. ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணினி வலையமைப்பில் எதுவும் முழுதாகப் போவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாகப் போய் மறுமுனையில் ஒன்றுசேரும். துண்டின் பெயர் பாக்கெட். வழியில் சில விழுந்துவிட்டால் பாக்கெட் லாஸ். வந்துசேர ஆகும் தாமதம் லேட்டன்சி. போகிற பாக்கெட்டுகளைப் பிடித்துவைத்துப் பிரித்துப் பார்ப்பது கேப்சர். அதுதான் என் வேலை. லாஸ் கொஞ்சமாக இருந்தால் இங்கே யாரும் நாற்காலியை விட்டு எழுவதில்லை. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு பையைக் காணோம் என்றால் பஸ்ஸே நின்றுவிடும். எனக்கு இன்னும் அந்தப் பழக்கம்தான்.

என் மகள் மலருக்கு நான்கு வயது. வேலை நிரந்தரமாகி அவளுக்கு விசா வரும்வரை என்று சொல்லி, திண்டுக்கல்லில் என் அக்காவிடம் விட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அவளைப் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப்போய், ஹெட்போனை மாட்டி உட்காரவைப்பாள். ஆரம்பத்தில் பள்ளியில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதுவரை மலர் சொன்னாள். பிறகு குரல் வருவது நின்றது. நான் "மலரு, மலரு" என்று கத்துவேன். அக்கா ஹெட்போனை வாங்கிக்கொள்வாள்.

"லைனு சரியில்லடி. இங்க அவ வாய் ஓயாமப் பேசிக்கிட்டுத்தான் இருக்கா. உனக்குத்தான் கேக்கல."

நம்பினேன். லைன் கோளாறு என்றால் அது என் துறை.

பக்கத்து மேசை பிரையனிடம், மகளின் குரல் வருவதில்லை என்றேன். "ஒரு பக்கம் மட்டுமா?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்து, குழந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். "கேப்சர் எடுத்துப் பாருங்கள்" என்றார்.

அந்த ஞாயிறு பேசும்போதே எடுத்தேன். லாஸ் பூஜ்யம். திண்டுக்கல்லிலிருந்து கிளம்பிய ஒன்றுகூட வழியில் விழவில்லை. நான்தான் எதையோ தவறாகப் பார்க்கிறேனோ என்று மறுபடியும் பார்த்தேன். பிறகு, பிடித்த பாக்கெட்டுகளை ஒலியாக்கி, சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். மின்விசிறி. வாசலில் வடமதுரை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் குரல். அக்காவின் கிசுகிசுப்பு.

"ஒரு வார்த்த பேசுடி தங்கம். அம்மா பாவமில்ல?"

"பேசுனா அம்மா வந்துருமா?"

"வந்துரும்."

"போன வாரமும் இதத்தான சொன்ன."

அக்காவிடம் இதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ. அடுத்த ஞாயிறு அவள் "லைனு..." என்று ஆரம்பித்ததும், "லைன் நல்லாத்தான் இருக்குக்கா. அவளப் பேசச் சொல்லாத. செத்த நேரம் ஹெட்போன அவ காதுலயே விட்டுரு" என்றேன். அக்கா ஹெட்போனை அவள் காதிலேயே விட்டுவிட்டாள்.

"எப்ப வருவேன்னு அம்மாவுக்கே தெரியல, தங்கம்" என்று மலரிடம் உள்ளதைச் சொன்னேன். பதில் இல்லை.

நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் பேச்சு நின்றால் சும்மா இருப்பதில்லை. மௌனத்தையும் துண்டாக்கி அனுப்பும். அன்றும் ஓடவிட்டிருந்த கேப்சர் திரையில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டங்கள்: அனுப்பும் இடம், சேரும் இடம். ஒரு வரியில் என் கணினியின் முகவரி முதல் கட்டத்தில் இருந்தது, அடுத்த வரியில் இரண்டாவதில். நானும் பேசவில்லை. ஹெட்போனை அவள் கழற்றவில்லை. திண்டுக்கல்லிலிருந்து டப்ளினுக்கு, டப்ளினிலிருந்து திண்டுக்கல்லுக்கு, மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது, ஒன்றும் விழாமல்.