வீபேயின் கப்பல் கிளம்பியது

லேயுவார்டன் நகரத்துக் கால்வாயில் வீபேயின் கப்பல் இருபத்திரண்டு வருடமாக ஓர் அங்குலம் நகரவில்லை. பழைய உருளைக்கிழங்குக் கப்பல். அடுப்பு, கட்டில், பூந்தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கியிருந்தான். வாங்கியது அசலைத் தொடவே வேண்டாத கடனில். மாதாமாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும், அந்த வட்டியையும் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, கப்பல் ஓரிடத்தில் நிலையாக நிற்க வேண்டும், அவன் அதில் குடியிருக்க வேண்டும்.

அந்த நிபந்தனையை மனிதன் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டான். நாலு கயிறு போதும் என்ற இடத்தில் ஒன்பது கட்டினான். காற்றில் கப்பல் லேசாக ஆடினாலும் வரி அலுவலகத்தார் யாராவது பார்க்கிறார்களா என்று கரையை எட்டிப் பார்ப்பான். வருடா வருடம் வரிப்பணம் திரும்பி வந்ததும் ஒரு முழு ஆரஞ்சு கேக் வாங்கித் தனியாகத் தின்பான். அறுபத்தொரு வயது பிரம்மச்சாரிக்கு வேறென்ன திருவிழா?

அப்பேர்ப்பட்டவனுக்குக் காதல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் மீன் பொரித்து விற்கும் ஹிஸ்கேயிடம், வாய் நிறைய சுடச்சுட மீனோடு, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டேவிட்டான்.

"முதல்ல முழுங்கு," என்றாள் அவள். "பண்ணிக்கலாம். ஆனா உன் கப்பலுக்கு நான் வரமாட்டேன். க்ரௌ கிராமத்துல எனக்கு வீடு இருக்கு, கொல்லையிலயே தண்ணி ஓடுது. கப்பலோட நீ அங்க வா."

"நகர்த்துனா வரிக் கழிவு போயிடுமே, ஹிஸ்கே."

"போகட்டும். நான் வேணுமா, அது வேணுமா?"

மூன்று வாரம் வீபேக்குத் தூக்கமில்லை. நாலாவது வாரம் சனிக்கிழமை காலையில் கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தான். பக்கத்துக் கப்பல் ஷூர்ட் ஓடிவந்தான்.

"மூளை கலங்கிடுச்சாய்யா உனக்கு?"

"நல்லாவே கலங்கிடுச்சு. அந்த முனையைப் பிடி."

எஞ்சின் நாலு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. அவன் கப்பலுக்கு வழிவிட்டுத் தூக்குப்பாலம் மேலே எழுந்தது. இரண்டு பக்கமும் சைக்கிள்காரர்கள் காத்து நிற்க, தொப்பியைக் கழற்றி அத்தனை பேருக்கும் ஆட்டினான். முகம் தெரியாதவர்களிடமெல்லாம் "கல்யாணம், கல்யாணம்" என்று கத்தினான். வரிக் கழிவு ஒவ்வொரு மைலுக்கும் கரைந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். அது தெரியத் தெரியச் சிரிப்புத்தான் வந்தது.

ஹிஸ்கே கொல்லையில் அவன் வீசும் கயிற்றைப் பிடிக்க நின்றிருந்தாள்.

"கழிவு போச்சு," என்றான், பரிசு வாங்கியவன்போல.

"அது எப்படியும் போயிருக்கும். கல்யாணமாயிட்டா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வீட்டுக்குத்தான் கழிவு. என் வீட்டுக்கும் உன்னோடது மாதிரிக் கடன்தான். இனி இந்த வீடு மட்டும்தான் கணக்குல வரும். முதல் கல்யாணத்துலயே இதெல்லாம் கத்துக்கிட்டேன்."

வீபே கயிற்றை வீச மறந்து நின்றான். "அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமே. மூணு வாரம் செத்துப் பிழைச்சேன்."

"கணக்குப் பார்த்து என்னைக் கட்டிக்கிட்டவன் ஏற்கனவே ஒருத்தன் இருந்தான், வீபே. கயித்தைப் போடு."