இரண்டு ஷ்வெஸ்டர்கள்

இருபத்தொரு வயதில், வீடு வீடாகப் போய்ச் சமயம் சொல்லும் ஒன்றரை வருட ஊழியத்துக்குப் போனேன். எங்கள் சபையில் இளம் வயதினர் அப்படிப் போவது வழக்கம். வெளியில் எங்களை மோர்மன்கள் என்பார்கள். எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள் என்பது நம் கையில் இல்லை. என்னோடு ஞாயிறு வகுப்பில் இருந்தவர்களுக்குப் பிரேசிலும் பிலிப்பைன்ஸும் கிடைத்தன. ஜெர்மனியின் தெற்கே பிறந்து வளர்ந்த எனக்கு ஜெர்மனியின் மேற்குப் பக்கம் கிடைத்தது. அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு ஏமாற்றம். அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். அவர்கள் முகாமில் இருந்தபோது இரண்டு அமெரிக்க இளைஞர்கள் வாரம் தவறாமல் வந்து ஜெர்மன் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த வழியாகத்தான் சபைக்குள் போனார்கள். அதன் பிறகு சொந்தக்காரர் பலர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அதனால் தமிழர் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஜெர்மன்காரர் ‘வேண்டாம்’ என்றால் அதோடு முடிந்தது. தமிழர் என்றால் யார் வீட்டுப் பெண் என்று அடுத்த கேள்வி வரும்: நீ ஆற்றை பிள்ளை?

ஊழியத்தில் தனியாக எங்கும் போக முடியாது. எப்போதும் இரண்டு பேர். யாரோடு யார் என்பதையும் மேலே உள்ளவர்களே தீர்மானிப்பார்கள். வுப்பர்டால் என்ற ஊரில் எனக்குத் துணையாக வந்தவள் அமெரிக்காவில் மாட்டுப் பண்ணை ஒன்றில் வளர்ந்தவள். பத்தொன்பது வயது. நல்ல உயரம், பெரிய கைகள். ஜெர்மன் அரைகுறை. கதவு திறந்தால் சிரிப்பாள், மீதியை நான் பேசவேண்டும். காலையில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவள் அழுவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். வெளியே வந்ததும் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டால் ஒவ்வாமை என்பாள். ஜனவரி மாதத்தில் என்ன ஒவ்வாமை என்று நான் கேட்கவில்லை.

அந்த ஊரில் வீடுகள் மலைச்சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். ஒரு பிற்பகல் அப்படி ஏறிப்போய், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மணியை அழுத்தினோம். கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் கரண்டி. என் முகத்தைப் பார்த்ததும் ஜெர்மனை விட்டுவிட்டார்.

“தமிழோ?”

“ஓம், அக்கா.”

“ஆற்றை பிள்ளை?”

அப்பாவின் ஊரைச் சொன்னேன். அதற்குள் உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல், “ஆர் வந்திருக்கினம்? உள்ளை விடன்” என்றது.

அக்காவின் கணவர் ஜன்னலோரம் சோபாவில் இருந்தார். சர்க்கரை வியாதியில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. எங்கள் கோட்டில் இருந்த பெயர்ப்பட்டையை உற்றுப் பார்த்தார்.

“ஷ்வெஸ்டர் எண்டு போட்டிருக்கு. டயலிசிஸ் எடுக்கிற இடத்திலை இருந்தோ அனுப்பினவை?”

ஜெர்மனில் சகோதரிக்கும் தாதிக்கும் அந்த ஒரே சொல்தான். “நாங்கள் நேர்ஸ் இல்லை, அண்ணை. சபையிலை இருந்து வாறம்” என்றேன்.

“அப்ப ஊசி இல்லை. இருங்கோ” என்று சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. “முதலே சொல்லிப்போட்டன், பிள்ளை. நாங்கள் சைவ சமயம். மாறமாட்டம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

“தேத்தண்ணி குடிக்கிறேல்லை, அக்கா.”

“கோப்பி?”

“அதுவும் எங்கடை சபையிலை இல்லை.”

“கடவுளே! அப்ப உங்கடை ஆக்கள் என்னத்தைத்தான் குடிக்கிறவை?”

இஞ்சி தட்டிப்போட்டுப் பால் காய்ச்சித் தந்தார். என் துணை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று குவளையை நீட்டினாள். அக்காவுக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துப்போயிற்று.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் போனோம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணை முன்பு ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சிறுநீரகம் பழுதானதால் இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் வண்டி வந்து அவரை இரத்தம் சுத்திகரிக்கும் டயலிசிஸ் மெஷினுக்கு ஏற்றிப்போகும். திரும்பி வந்து அன்று முழுவதும் படுத்திருப்பார். நாங்கள் சாமான் வாங்கி மேலே கொண்டுபோய்க் கொடுப்போம். கட்டடத்தின் மாடிப்படிகளைக் கழுவும் முறை அக்காவுக்கு வரும் வாரங்களில் என் துணை வாளியோடு இறங்கிவிடுவாள். மற்ற நேரங்களில் அவளும் அண்ணையும் பலகையில் காய் நகர்த்தும் டாம் விளையாடுவார்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் ஜெர்மன்தான். அதற்கும் மேலே போனால் கையைக் காட்டுவார்கள், சிரிப்பார்கள். அந்த வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் குளியலறையில் தண்ணீர் சீக்கிரம் நின்றுவிடுவதைக் கவனித்தேன்.

மார்ச்சில் ஒரு நாள் அக்கா சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். புகை இழுக்கும் விசிறி பெருஞ்சத்தமாக ஓடியது. அண்ணை டாம் பலகையைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் வரச்சொன்னார்.

“பிள்ளை, டொக்டரோடை கதைச்சிட்டன். மெஷினுக்கு இனிப் போறேல்லை.”

எனக்கு உடனே விளங்கவில்லை. “வேறை இடத்துக்கு மாத்தினமோ?”

“இல்லை. நிப்பாட்டப்போறன்.”

“நிப்பாட்டினா, அண்ணை…”

“ஓம். அதுதான். இதயமும் சரியில்லை. மற்றக் காலையும் எடுக்கோணும் எண்டு சொல்லினம்.” சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினார். ஊசி குத்திக் குத்தி முன்கை முழுவதும் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருந்தது. “இனி ஏலாது.”

“அக்காவுக்குத் தெரியுமோ?”

“அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டனான். நீ சொல்லு. நான் சொன்னா அவ அழுவா. அவ அழுதா நான் திரும்ப மெஷினுக்குப் போயிடுவன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தட்டோடு வந்தார். பொரித்த மீனைச் சாப்பிட்டோம். நல்லாயிருக்கோ என்று அவர் கேட்டபோது தலையை ஆட்டினேன்.

இறங்கி வரும்போது தெருவில் துணையிடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

“நீ சொல்லக் கூடாது” என்றாள். “அவரே சொல்லட்டும். நாம் பக்கத்தில் இருப்போம்.”

“அவருக்குத் தைரியம் இல்லை. அதனால்தானே என்னைக் கேட்கிறார்?”

அப்போதுதான் அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அதுவரை அவருடைய மரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அப்பாவுக்குப் புற்றுநோய். வீட்டில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஒருநாள் சபையைச் சேர்ந்த ஒருவர் மாட்டுக்கொட்டகைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா இன்னும் சில வாரங்கள்தான் இருப்பார் என்று சொல்லியிருக்கிறார்.

“அப்பா அந்த நேரம் வீட்டில்தான் இருந்தார். நன்றாகப் பேசக்கூடியவராகத்தான் இருந்தார். நான் உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அதன் பிறகு நாங்கள் இருவரும் கடைசிவரை அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று இன்றைக்கும் தெரியாது.”

பேருந்து வந்தது. நாங்கள் ஏறவில்லை. அடுத்ததில் போனோம்.

மறுபடி அங்கே போனதும் அண்ணை என்னைப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்தி, “நான் சொல்லமாட்டன், அண்ணை. நீங்கள்தான் சொல்லோணும். நாங்கள் இதிலை இருக்கிறம்” என்றேன். கோபத்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“இஞ்சேர், அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வா.”

அக்கா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். அண்ணை சொன்னார். சுற்றி வளைக்காமல், நாலைந்து வசனங்களில் சொல்லி முடித்தார்.

அக்கா அழவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“இதுக்குத்தானோ வந்தனியள்? செத்தா மோட்சம் எண்டு சொல்லிக் குடுத்தனியளோ?”

“அவையளுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை” என்றார் அண்ணை.

“நீங்கள் பேசாதேங்கோ! இவையள் வாறதுக்கு முதல் ஒழுங்காத்தானே போய் வந்தனீங்கள்?” எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்தார். “போங்கோ. இனி இஞ்சை வரவேண்டாம்.”

துணைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திறந்த கதவு புரிந்தது. சப்பாத்து நாடாவைக்கூடக் கட்டாமல் வெளியே வந்தாள்.

அன்று மாலை அவளோடு சண்டை போட்டேன். உன் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது, அது உன் அப்பாவின் கதை, இவர்களுடையது வேறு என்றேன். அவள் திருப்பிச் சண்டை போடவில்லை. “அவர் சொல்லிவிட்டார். அந்தக் கதை இனி அவருக்குள்ளே கிடக்காது” என்றாள். எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் வாராந்தரத் தொலைபேசியில் அந்தத் தமிழ்க் குடும்பத்தில் முன்னேற்றம் உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றேன். வேறு குடும்பங்களில் நேரத்தைச் செலவிடும்படி ஆலோசனை சொன்னார். அவர் நல்ல மனிதர். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் அது சரியான ஆலோசனைதான்.

ஒரு வாரம் கழித்து எங்கள் கைபேசி ஒலித்தது.

“பிள்ளை” என்றது அக்காவின் குரல். “அந்த வெள்ளைப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. டாம் விளையாட ஆளில்லையாம்.”

போனோம். கூடத்தில் சோபாவை ஒதுக்கிவிட்டு, உயர்த்தித் தாழ்த்தும் கட்டில் ஒன்றைப் போட்டிருந்தார்கள். மெஷினை நிறுத்தியாகிவிட்டது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள ஒரு தாதி நாள்தோறும் வந்துபோனார். அக்கா எங்களைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். முகம் வாடிப்போயிருந்தது.

“நான் கத்தினன், விரதம் இருப்பன் எண்டன், எல்லாம் செய்து பாத்தன். கடைசியிலை என்ரை கையைப் பிடிச்சு, நான் களைச்சுப்போனன் எண்டார். முப்பது வருசம் இரும்புக்குள்ளை நிண்டு உழைச்ச மனுசன். ஒருநாள் களைப்பு எண்டு சொன்னதில்லை. அதுக்குப் பிறகு நான் என்னத்தைச் சொல்ல?”

நான் அவர் தோளைத் தொட்டேன். அவர் தள்ளிவிடவில்லை.

அந்த நாட்களில் முடிந்தபோதெல்லாம் போனோம். அண்ணைக்கு முதல் இரண்டு நாட்கள் டாம் விளையாடும் தெம்பு இருந்தது. பிறகு கை எழவில்லை. அவர் கண்ணால் காட்டுவார், துணை அவருடைய காயையும் தானே நகர்த்துவாள். அப்படி விளையாடி அவளே தோற்றாள். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. ஒருமுறை, உங்கடை ஊர்ப் பாட்டு ஒண்டு பாடு என்று ஜெர்மனில் கேட்டார். அவள் சபைப் பாட்டு ஒன்றை மெதுவாகப் பாடினாள். அக்கா கட்டிலின் மறுபக்கம் நின்று அவர் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். பாட்டை நிறுத்தவா என்று அவள் கண்ணால் கேட்டாள். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார்.

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் அடங்கியிருந்தது. துணை யாரும் சொல்லாமலே தண்ணீர் சுடவைத்து, அந்த வீட்டில் முதல் தடவையாகத் தேநீர் போட்டாள். எவ்வளவு தூள் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கறுப்பாகக் கசந்த அந்தத் தேநீரை அக்கா கடைசிவரை குடித்தார்.

மயானத்து மண்டபத்தில் ஐயர் கிரியைகளைச் செய்தார். நாங்கள் பின்வரிசையில் நின்றோம். லண்டனிலிருந்து வந்திருந்த அண்ணையின் தம்பி எங்கள் பெயர்ப்பட்டைகளைப் பார்த்துவிட்டு அக்காவிடம் ஏதோ கேட்டார். மதம் மாற்ற வந்தவர்கள் இங்கே எதற்கு என்று கேட்டிருக்கவேண்டும். அக்காவின் பதில் மட்டும் எங்களுக்குக் கேட்டது.

“அவையள் நிக்கட்டும். அவருக்குத் தெரிஞ்ச பிள்ளையள்.”

மே மாதத்தில் எனக்கு பீலெஃபெல்டுக்கு மாற்றம் வந்தது. விடைபெறப் போனபோது அக்கா தனியாக இருந்தார். பால் தந்தார். கொஞ்சநேரம் கழித்து, அதுவரை ஒருதரமும் கேட்காததைக் கேட்டார்.

“செத்த ஆக்கள் எங்கை போறதெண்டு உங்கடை சபையிலை சொல்லினம்?”

மாதக்கணக்கில் எத்தனையோ வாசல்களில் சொல்லிப் பழகிய பதில் அது. அன்றைக்குக் குவளையைக் கீழே வைத்தேன். குடும்பம் சாவோடு பிரிந்துவிடாது, புருஷனும் பெண்சாதியும் அங்கேயும் சேர்ந்தே இருக்கலாம் என்பது எங்கள் நம்பிக்கை என்று சொன்னேன்.

“அங்கையும் அவரோடையோ?”

“ஓம், அக்கா.”

“அப்ப அங்கையும் நான்தான் சமைக்கோணுமோ?” என்று சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் உடைந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். “உன்ரை நம்பிக்கை உன்னோடை இருக்கட்டும், பிள்ளை. நல்ல நம்பிக்கைதான். எனக்கு அவர் இஞ்சை இல்லையெண்டது மட்டும்தான் தெரியுது.”

வேதப் புத்தகம் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

படி இறங்கும்போது துணை அக்கா என்ன சொன்னார் என்று கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். சமைப்பதைப் பற்றிச் சொன்னபோது அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து சத்தமாக அழத் தொடங்கினாள். ஒரு வீட்டுக் கதவு திறந்து மூடியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அழுது முடித்ததும், அடுத்த தடவை வீட்டுக்குப் பேசும்போது அம்மாவிடம் அப்பாவைப் பற்றிக் கேட்கப்போகிறேன் என்றாள்.

கேட்டாள். அம்மாவுக்கும் காரணம் தெரியவில்லையாம். ஆனால் இருவரும் அன்று நீண்டநேரம் அவரைப் பற்றிப் பேசினார்களாம். அவள் ஊழியத்தை முடித்துக்கொண்டுதான் ஊர் திரும்பினாள். அக்கா இப்போதும் அதே மூன்றாம் மாடியில்தான் இருக்கிறார். வேலை காரணமாக நான் பக்கத்தில் உள்ள டுசல்டோர்ஃபுக்கு வந்துவிட்டதால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். சபைக்கும் போகிறேன். குடும்பங்கள் பிரிவதில்லை என்று அங்கே யாராவது பேசும்போது மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொல்கிறேன். நம்பித்தான் சொல்கிறேன். சில ஞாயிறுகளில் மட்டும் அந்தச் சொல் வாயிலிருந்து வரக் கொஞ்சம் நேரமாகிறது.