கையுறை போஸ்டரும் கல்லாவிப் பெண் வீடும்

எண்பதுகளில் ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு, பாதுகாப்பு வாரம் வந்தால் தொழிலாளிமேல் பாசம் பொங்கிவிடும். மற்ற வாரங்களில் கையுறை கேட்டால் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார்கள். அந்த வாரம் மட்டும் கையுறை போடச் சொல்லி போஸ்டர் ஒட்டுவார்கள்.

அந்த வருஷம் போஸ்டருக்கு நம் ஆட்களே மாடலாக நிற்கட்டும் என்றார் மேனேஜர். நானும் பக்கத்து மெஷின் நண்பனும் மாட்டினோம். கையுறை, ஹெல்மெட் போட்டவன் ஒரு படத்தில் சிரிக்க வேண்டும். போடாதவன் இன்னொன்றில் கையில் கட்டோடு கதற வேண்டும்.

எனக்குச் சிரிக்கிற படம்தான் வேண்டும். கல்லாவியில் ஒரு பெண் வீட்டில் ஜாதகம் பொருந்தி, நல்ல போட்டோவாகக் கேட்டிருந்தார்கள். ஹெல்மெட்டோடு சிரித்தால் இன்ஜினியர் மாதிரி இருப்பேன் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மத்திகிரி வாடகை அறையில், கண்ணாடி முன் சிரித்துப் பழகினேன். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஏம்பா, பல்லு வலியா? கிராம்பு தரட்டுமா?" என்றார். மகராசி, நல்ல மனசு.

பெங்களூரிலிருந்து வந்த போட்டோகிராபர் பாடம் எடுத்தார். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. மூச்சை விடுங்க. சிரிப்பு கண்ணுல ஆரம்பிக்கணும், உதடு கடைசியிலதான் வரணும்." எங்கள் பக்கம் போட்டோ என்றால் மூச்சை அடக்கி, கையைத் தொடையோடு ஒட்டி, போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி நிற்பதுதான் மரியாதை. பல் தெரிந்தால் "இளிக்கிறான் பாரு" என்பார்கள். அப்படி வளர்ந்த முகத்தில் கண் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உதடு காதுவரை போய்விட்டது. "ஸ்வல்ப நகி சார், ஸ்வல்ப!" என்று கன்னடத்தில் கெஞ்சினார். கொஞ்சமாகச் சிரிக்க எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நண்பன் ஒரே தடவையில் சிரித்துவிட்டான். கதறுகிற படம் என் தலையில் விழுந்தது. ஆனால் அழுகை வரவில்லை. நண்பன்தான் காதருகே குனிந்து, "கல்லாவியில வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு நெனச்சிக்கடா" என்றான். நினைத்தேன். ஒரே கிளிக். மேனேஜர் கைதட்டினார்.

பெண் கொடுக்கிறவர்கள் கம்பெனி வாசலுக்கே வந்து விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஜாதகத்தைவிட டீக்கடைக்காரர் வாக்குக்கு மதிப்பு அதிகம். நான் கடைசியில் அனுப்பிய பழைய ஸ்டூடியோ படத்தைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரமே பெண்ணின் அப்பா வந்துவிட்டார். வாசலில் ஆள் உயரத்துக்கு நான் கதறிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்த என் கையைப் பிடித்து, மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல விரல்களை எண்ணினார்.

"வெரலு அத்தனையும் இருக்குதே?"

"அது சும்மா நடிப்புங்க மாமா."

தப்பித்தேன் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பொய்யாவா அழுதீங்க? சிரிக்கிற பொம்பளையையும் அழுவுற ஆம்பளையையும் நம்பாதேம்பாங்க. நெசமா அழுவுறவனுக்கே அந்தக் கதி. பொய்யா அழுவுறவனுக்கு எப்பிடிங்க பொண்ணு குடுக்கறது? ஒரு வெரலு போயிருந்தாக்கூடப் பரவால்ல."

பழமொழி கேட்டால் நோட்டில் எழுதிவைக்கிற ஆள் நான். இதை மட்டும் எழுதவில்லை.

அவர் பக்கத்துப் போஸ்டருக்குத் திரும்பினார். "இந்தத் தம்பி யாருங்க? மொகம் களையா இருக்குது. கண்ணாலம் ஆயிடுச்சா?"

நண்பனுக்கு வீட்டில் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பசங்க மாமா," என்றேன்.

"அப்பிடியா," என்று பெருமூச்சு விட்டார். டீக்கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் என்னைத் தங்கம் என்றார், வைரம் என்றார். இரண்டாவது டீ முடிந்தபோது, "செரி, ஊட்டுல கலந்துக்கறோம்" என்றார் பெரியவர்.

கல்யாணம் நடந்தது. பந்தியில் சாம்பார் வாளியோடு வந்த நண்பனை மாமனார் அன்பாக நிறுத்தினார்.

"ஏந்தம்பி, பசங்கள கூட்டியாரலயா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் இலையைப் பார்த்தேன்.