பாப்பம்மாவிடம் கத்தி காட்டியவன்

பன்வில தேயிலைத் தோட்டத்தில் முப்பத்துநான்கு வருடமாகக் கொழுந்து பறிக்கிற பாப்பம்மாவிடம் இருந்த ஆயுதம் இரண்டுதான். ஒன்று வாய். மற்றது அட்டை ஏறாமலிருக்கக் காலில் பூசுகிற சவுக்காரச் சோப்பு.

பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப்பேர், முழுச் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். இரண்டு நாளாக அரைப்பேர் விழுந்திருந்தது. மூன்றாவது நாளும் விழக்கூடாதென்று மழையில் நின்று பறித்துவிட்டு, கடைசி ஆளாகக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கினாள்.

வளைவில் ஒருவன் குதித்தான். முகத்தில் கைக்குட்டை, காலில் ரப்பர் செருப்பு, கையில் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத காய்கறிக் கத்தி. கொள்ளைக்கு வருகிறவன் கத்திக்காவது மரியாதை கொடுக்க வேண்டாமா?

“செயினக் கழட்டு!”

“கவரிங்குடா. போட்டா ஒங் கழுத்துத்தான் கறுக்கும்.”

ஆத்திரத்தில் கத்தியை வீசினான். கூடைக் கயிறு அறுந்து கொழுந்து முழுக்கக் கொட்டியது. அப்போதுதான் பாப்பம்மா பயந்தாள். கழுத்துக்காக அல்ல, முழுப்பேருக்காக.

“எம்புட்டு நேரமா புல்லுக்குள்ள நின்ன?”

“ஏன்?”

“கால பாரு.”

பார்த்தான். மழைப் புல்லில் செருப்போடு ஒரு மணி நேரம் பதுங்கியிருந்த மேதாவி! நாற்பது அட்டை என்பாள் பாப்பம்மா. அவளுக்குத் தன்னடக்கம், அறுபதுக்குக் குறையாது, ஒவ்வொன்றும் பெருவிரல் தடிப்பு. கத்தியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிய்த்தான். அவள் குனிந்து கத்தியை எடுத்தாள்.

“பொறுக்குடா. ஒரு எல விடக்கூடாது.”

“அட்ட கடிக்குதும்மா!”

“அதாச்சும் ஒழைச்சுச் சாப்பிடுது. நீ பொறுக்கு.”

பொறுக்கினான். மடுவம் வரைக்கும் சுமந்தும் வந்தான்.

அங்கே கணக்கப்பிள்ளை மோகனராஜ். இலையில் ஈரமென்று தினமும் இரண்டு கிலோ வெட்டுகிற மகான். வெயில் நாளிலும் இலைக்கு வியர்க்கும் என்பார். தராசு பத்தொன்பது காட்டியது. வெட்டுவதற்கு வாயைத் திறந்தவர் பாப்பம்மாவின் கையைப் பார்த்தார். அதில் கத்தி இருப்பது அவளுக்கே மறந்திருந்தது.

“பத்தொம்போது. முழுப்பேரு,” என்றார், குரல் இறங்கி.

“நான் போகட்டாம்மா?” என்றான் கொள்ளைக்காரன்.

“போ. அடுத்த தடவ சவுக்காரம் பூசிட்டு வா.”

மறுநாள் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு மலைக்குப் போனாள். நல்ல வெயில். பத்தொன்பது கிலோ. ஈரத்துக்கு இரண்டு போக, அரைப்பேர்.

அன்று மாலை பாப்பம்மா வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கத்தியின் விலைச்சீட்டைக் கிழித்தாள்.