ஈரக்குடத்தில் இரண்டு எழுத்து

டங்...

மேசை மேல் ஓர் எவர்சில்வர் குடம் வந்து இறங்கியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நடந்தது அருப்புக்கோட்டை பஜாரில். இந்தச் சித்திரையில், நட்ட நடுப் பகலில். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தக் குடத்தைத் தொட்டது என் கை. அதற்குத் தெரியும்.

பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவது என் தொழில். எங்கள் பக்கம் எழுத்து வெட்டாத சீர்ப் பாத்திரம் வீட்டு வாசலைத் தாண்டாது. தகப்பன் பெயரில் ஓர் எழுத்து, பெண் பெயரில் ஓர் எழுத்து. சிலர் கூடவே ஒரு சூலம் கேட்பார்கள். கோயில் சமையலுக்கு இரவல் போன அண்டா சரியான வீட்டுக்குத் திரும்புவது அந்த அடையாளத்தால்தான். பெண் வாழாமல் போனால், பிறந்த வீட்டார் சீரைத் திரும்ப அள்ளி வருவதும் அதைக் காட்டித்தான்.

அன்று கரண்ட் இல்லை. முதலாளி உதயகுமார் சாப்பிடப் போயிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். சேலை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

திருச்சுழிப் பக்கமெல்லாம் குடிக்கவே தண்ணீர் வண்டியை எதிர்பார்த்துக் கிடக்கிற மாதம் அது. இவள் எங்கே நனைந்தாள்?

"எழுத்து வெட்டணும்ணே."

"கரண்டு வரட்டும்மா."

"உளியில வெட்டிக் குடுங்க. நேரமில்ல."

குடத்தைத் திருப்பினேன். கழுத்தில் அரத்தால் தேய்த்த தடம். பழைய எழுத்தை யாரோ அழித்திருந்தார்கள்.

"யாரும்மா இப்படித் தேச்சது?"

"மாமியா. இந்த வீட்டுல ஒங்கப்பன் எழுத்து எதுக்குன்னு தேச்சுட்டாக. அ, த போடுங்கண்ணே. அ-வோட வாலு த-வைச் சுத்தி வரணும். எங்கப்பா அப்படித்தான் வெட்டச் சொன்னாரு."

"அதே மாதிரியேவா?"

"ஆமாண்ணே. இல்லாட்டி எங்கம்மாவுக்குத் தெரியாது."

கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். உளியை எடுத்தேன்.

டக்... டக்... டக்...

குடத்துக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. சாய்த்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

சேற்று வாடை.

அவள் கை நீண்டது. த-வின் மேல் விரல் வைத்தாள். அந்த விரல் என் விரலில் பட்டது.

கிணற்றடிச் சில்லிப்பு.

உளி நழுவியது. த-வுக்குக் கீழே மயிரிழை போல ஒரு கீறல்.

"கோணிருச்சும்மா..."

"இருக்கட்டும்ணே. அம்மா பாத்தாப் போதும்."

நிமிர்ந்தேன்.

அவள் இல்லை.

குடமும் இல்லை.

வாசலில் வெயில் வெள்ளையாய்க் காய்ந்தது. படியில் ஓர் ஈரச் சுவடு கூடக் கிடையாது. கடைக்குள் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது.

திரும்பி வந்த முதலாளி தரையைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, வெக்கை தாங்காம கடைக்குள்ளயே குளிச்சுட்டீகளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வைகாசிக் கடைசியில் ஓர் அம்மாள் வந்தார். ஊர் பரளச்சி. பெயர் தங்கம்மாள். கருமாதிக்குக் கொடுக்க டம்ளர்கள் வாங்கினார். மகள் தங்கச்செல்வியின் நினைவாக.

"எங்க வீட்டு அடையாளத்தையே வெட்டுங்கய்யா. மாதிரி கொண்டாந்திருக்கேன்."

பையிலிருந்து குடத்தை எடுத்து வைத்தார்.

டங்...

அ-வின் வால் த-வைச் சுற்றி வந்திருந்தது. கீழே மயிரிழை போல ஒரு கீறல்.

என் உளி நழுவிய கீறல்.

"பந்தல்குடி லாரிக்காரனோட எம்மக ஓடிட்டான்னு கட்டிக்குடுத்த வீட்டுல சொல்லிட்டாகய்யா. ஊரும் நம்பிருச்சு. அதுக்கப்புறம் ஒரு நல்லது பொல்லதுக்கு நான் தல காட்டல." அவர் அழவில்லை. முந்தானையால் குடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இந்தக் கோடையில அவுக ஊருப் பாழுங்கெணறு வத்துச்சு. ஆடு மேய்க்கிறவன் கண்ணுல குடம் பட்டிருக்கு. எழுத்து மட்டும் இல்லேன்னா பழைய சாமான் கடைக்குப் போட்டிருப்பானாம். இதப் பாத்துட்டு, யாரு வீட்டு அடையாளம்னு விசாரிச்சுத்தான் என்னயத் தேடி வந்தான். நான் போயி அழுது, பெறகுதான் சேத்தத் தோண்டுனாக... அவ ஓடலய்யா. அங்கனதான் கெடந்தா."

குடத்தை என் பக்கம் திருப்பினேன்.

"குடம்... எப்பம்மா கெணத்துல விழுந்துச்சு?"

அவர் அந்த இரண்டு எழுத்தையும் விரலால் தடவினார்.

"போன வருசம் தையில அவளோட முங்குனதுய்யா, இந்த வைகாசியிலதான் வெளிய வந்துச்சு."