வேட்டியில் தைத்த சுடிதார்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், போன தை மாதம் எனக்கும் என் நங்கையாவுக்கும் ஹரித்வார், ரிஷிகேஷ் போய்வர விமான டிக்கெட் போட்டு அனுப்பினாள். நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. கோயமுத்தூரில் ஏறி டெல்லியில் இறங்க வேண்டும், அங்கிருந்து ரயில். டிக்கெட் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. பெட்டி எதுவும் போடக் கூடாது. ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை ஒன்றுதான்.

எங்களுக்குப் புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை. என் வீட்டுக்காரர் கூட வருவார் என்ற பேச்சுக்கே இடமில்லை. தான் ஒரு ராத்திரி வெளியே தங்கினால் கோழிகள் மனம் உடைந்து முட்டையை நிறுத்திவிடும் என்று நம்புகிறவர் அவர். நங்கையாவின் வீட்டுக்காரர் கதை வேறு. எருமப்பட்டியில் வீடு இருந்தாலும் வருஷத்தில் பாதி நாள் லாரியில்தான் இருப்பார். இந்தியாவில் அவர் பார்க்காத சுங்கச்சாவடி கிடையாது. ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நங்கையா கேட்ட போதெல்லாம், அங்கே என்ன இருக்கிறது, எல்லாம் ரோடுதான் என்று சொல்லிவிடுவாராம். பழனியைத் தாண்டி நங்கையா எங்கேயும் போனதில்லை.

பண்ணையில் முட்டை ஓய்ந்த கழிவுக் கோழி விற்கும்போது எடை பார்க்கும் தொங்குதராசு இருக்கிறது. அதில் எங்கள் பைகளை மாட்டிப் பார்த்தேன். நங்கையா கொண்டுவந்த சேலைகளும் உள்பாவாடைகளும் துண்டும் சேர்ந்தே ஏழு கிலோவைத் தொட்டுவிட்டன. தட்டுவடையும் புளிச்சாதப் பொடியும் இன்னும் ஏறவில்லை. சேலையை நனைத்துப் போட்டால் அங்கே குளிரில் காய இரண்டு நாள் ஆகும் என்று மகள் போனில் பயமுறுத்தினாள். சுடிதார் போடுங்கள், லேசாக இருக்கும், சீக்கிரம் காயும் என்றாள்.

அதோடு சில படங்களும் அனுப்பினாள். பயணத்துக்கென்றே செய்த சட்டைகளாம். கசங்காது, வேர்வை நாறாது, பூமிக்கும் கெடுதல் இல்லையாம். விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்படியானால் சேலம் கடைவீதியில் மலிவாக இரண்டு எடுத்துக்கொள்கிறேன் என்றால் அதற்கும் விடவில்லை. அந்தத் துணியெல்லாம் பிளாஸ்டிக் நூல், ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் தூள் உதிர்ந்து ஆற்றுக்குப் போகிறது, மீன் தின்கிறது என்று பாடம் எடுத்தாள். பூமிக்கு ஆகிற துணி என் பர்ஸுக்கு ஆகவில்லை. பர்ஸுக்கு ஆகிற துணி மீனுக்கு ஆகவில்லை. கடைசியாக, பழைய தண்ணீர் பாட்டில்களை உருக்கிச் செய்த சட்டை ஒன்றைக் காட்டினாள். அதுவும் பிளாஸ்டிக்தானே என்று கேட்டேன். அது வேறு பிளாஸ்டிக் என்றாள்.

வழி பீரோவுக்குள் இருந்தது. பையைத் தேடி மேல்தட்டை இழுத்தபோது வேட்டிகள் சரசரவென்று என் தலைமேல் விழுந்தன. எங்கள் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பங்காளிக்கும் மாமன் மச்சானுக்கும் வேட்டி துண்டு உண்டு. என் வீட்டுக்காரருக்கு வருகிற வேட்டிகள் நேராக பீரோவுக்குப் போய்விடும். பண்ணையில் லுங்கி, வெளியே போனால் பழக்கப்பட்ட ஒரே வேட்டி. மடிப்புக் கலையாத எட்டு முழ வேட்டிகள் அட்டை வைத்தபடியே கிடந்தன. நல்ல பருத்தி. உடம்பில் இருப்பதே தெரியாத லேசு.

மகளிடம் சொன்னேன். இதைவிட நல்லது எதுவும் இருக்க முடியாதும்மா என்றாள். ஒரு வழியாக எங்கள் வீட்டு பீரோவுக்கு அவளிடம் மதிப்பு வந்தது.

நங்கையாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நங்கையா ஊரில் ரவிக்கை தைக்கிறவர். வெட்டுவதும் தைப்பதும் அவருக்குப் பெரிய வேலையில்லை. போடுவதுதான் பெரிய வேலை. பிறந்ததிலிருந்து பாவாடை, தாவணி, சேலை தவிர வேறு எதையும் உடுத்தாதவர்.

"இந்த வயசுல காலுக்கு ரெண்டு கொழாய மாட்டிக்கிட்டு நானு எங்க சாமி போறது?" என்றார்.

"ஊருக்குள்ளயா போடச் சொல்றேன்? ஹரித்துவாருக்குத்தானுங்களே நங்கையா."

அவர் யோசித்தார். "அங்க நம்மூருக்காரங்க யாராச்சும் வருவாங்களா?"

வர மாட்டார்கள் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அளவு நாடாவை எடுத்தார்.

வெள்ளையாகவே தைத்தால் ரயில் அழுக்கு முதல் நாளே ஏறிவிடும். போதாததற்கு வேட்டி மெல்லிசு. சாயம் போடுவது என்று முடிவாயிற்று. கடைச் சாயம் வேண்டாம், கொல்லையிலிருந்து வந்த மஞ்சள் மூட்டையிலேயே கிடக்கிறது என்றார் நங்கையா. படிகாரம் போட்டால் நிறம் பிடிக்கும் என்று யாரோ சொன்னதையும் கேட்டுக்கொண்டோம். நெல் அவிக்கிற அண்டாவை அடுப்பில் ஏற்றி மஞ்சளைக் கொதிக்க வைத்தோம். ஆளுக்கு இரண்டு உடுப்புக்கு வேண்டிய வேட்டிகளை முக்கிய பிறகும் அண்டாவில் இடம் இருந்தது. இவ்வளவு சாயத்தை வீணாகக் கொட்டுவதா என்று பீரோவில் மிச்சம் இருந்த வேட்டிகளையும் போட்டோம். கொடியில் வேறு ஒரு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதையும் நங்கையா உள்ளே தள்ளிவிட்டார். பண்ணைக் கம்பிவேலி நெடுக மஞ்சள் வேட்டிகள் காற்றில் ஆடியபோது, ஊருக்கே அம்மன் திருவிழாவுக்கு நோன்பு சாட்டியதுபோல இருந்தது.

கடைசியாகத் தள்ளியது என் வீட்டுக்காரர் வெளியே கட்டுகிற அந்த ஒரே வேட்டி என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. பனமரத்துப்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்தில் கிடா விருந்து. குளித்துவிட்டு வந்தவர் கொடியைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பியவர் செருப்பைக் கழற்றும் முன்பே, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கிடா விருந்துக்குப் போய்வந்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது என்று விசாரித்தேன். மஞ்சள் வேட்டியைப் பார்த்ததும், பழனிக்கு மாலை போட்டிருக்கிறார், கறி பரிமாறிப் பாவத்தைக் கட்டிக்கொள்ளாதீர்கள் என்று பந்தியில் ஒருவர் சொல்லிவிட்டாராம். விரதக்காரர்கள் இருவர் உட்கார்ந்திருந்த தனி வரிசைக்கு இவரையும் கூட்டிப்போய் ரசமும் தயிரும் ஊற்றியிருக்கிறார்கள். அதெல்லாம் இல்லை, எனக்குக் கறி போடுங்கள் என்று இவர் சொல்லச் சொல்ல, கூச்சப்படாதீங்க மாப்பிள்ளை, சாமி காரியம் என்று இன்னும் கொஞ்சம் தயிர் ஊற்றியிருக்கிறார்கள். எதிர் வரிசையில் எலும்பைக் கடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

நங்கையா இதைக் கேட்டுக்கொண்டே உள்ளே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். மிஷின் ஓடுவது நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். வாயில் துணியைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் எச்சரிக்கையாகத்தான் பேசுவேன். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஆறு முட்டையை ஆம்லெட் போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்தோம்.

தைத்து முடித்ததைப் போட்டுப் பார்த்தோம். வேட்டிக் கரையைக் கீழ் ஓரத்தில் வருகிற மாதிரி வைத்து வெட்டியிருந்தார் நங்கையா. எனக்குப் பச்சைக் கரை, அவருக்கு ஊதா. அவர் தன் சட்டைக்கு இரண்டு பக்கமும் பை வைத்திருந்தார், முழங்கை வரை உள்ளே போகிற ஆழத்துக்கு. இவ்வளவு ஆழம் எதற்கு என்றேன். இத்தனை வருஷம் இல்லாமல் இருந்ததற்கும் சேர்த்து என்றார். உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துத் தராசில் மாட்டினால், தட்டுவடையையும் சேர்த்துப் பாதி எடைகூட வரவில்லை.

ஹரித்வாரில் காலையில் நல்ல குளிர். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சட்டையையும் போட்டுக்கொண்டு படித்துறைக்குப் போனோம். நங்கையா படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த முடி, நெற்றி நிறைய திருநீறு, கழுத்திலிருந்து கணுக்கால் வரை மஞ்சள். வடக்கத்திக் குடும்பம் ஒன்று வந்தது. புருஷனும் பெண்சாதியும் குழந்தையுமாக வரிசையாக அவர் காலில் விழுந்தார்கள்.

நங்கையா பதறிப்போய், எங்கள் ஊரில் பெரியவர் சின்னவர் எல்லோரையும் அழைக்கிற வழக்கப்படி, "எந்திரிங்க சாமி, நல்லாயிருங்க சாமி" என்றார்.

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. சாமி என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியிருக்க வேண்டும். கையைக் கூப்பி இன்னொரு முறை விழுந்தார்கள். அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். வேண்டாம் சாமி, வேண்டாம் சாமி என்று அவர் சொல்லச் சொல்லக் கூட்டம் கூடியது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குள் புகுந்தேன். டீக்கடையில் உட்கார்ந்த பிறகு அவர் சட்டைப் பைகளிலிருந்து நான்கு ஆப்பிளும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெளியே வந்தன. கொடுத்ததை வேண்டாமென்றால் மனசு நோகுமே என்று வாங்கிப் போட்டுக்கொண்டாராம். அன்றைக்கு மத்தியானச் செலவு மிச்சமாயிற்று.

ரிஷிகேஷ் போனதும் விடுதியில் துணி துவைத்தோம். குளியலறையில் இருந்த சோப்பை நங்கையா சட்டையில் தேய்த்திருக்கிறார். உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் வாளித் தண்ணீர் சிவப்பு, சட்டையில் திட்டுத் திட்டாகச் சிவப்பு, அவர் கையெல்லாம் சிவப்பு. எங்கேயோ அடிபட்டு ரத்தம் வருகிறது என்று நினைத்து இரண்டு பேரும் அவர் கையைத் திருப்பித் திருப்பிக் காயத்தைத் தேடினோம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எத்தனை கல்யாணத்தில், எத்தனை சீரில், மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து ஆரத்தி எடுத்திருக்கிறோம். சுண்ணாம்பு செய்கிற வேலையைச் சோப்பும் செய்யும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"நம்மளுக்கு நாமளே ஆலாத்தி சுத்திக்கிட்டமாட்ட இருக்குது" என்றார் நங்கையா.

திட்டுத் திட்டாக இருப்பதைவிட முழுசாக ஆகிவிடட்டும் என்று மிச்ச உடுப்புகளையும் சோப்புத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து மொட்டைமாடியில் போட்டோம். காலையில் எல்லாம் காய்ந்திருந்தன. அதற்கு மட்டும் அந்தத் துணியைக் குறை சொல்ல முடியாது. நிறம்தான் செங்கல்லும் இல்லை, சந்தனமும் இல்லை என்று புதிதாக ஏதோ ஒன்று. வெயிலில் சுற்றச் சுற்ற அதுவும் வெளுத்தது. மலைமேல் ஒரு கோயிலுக்குப் படியேறினோம். கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம், முந்தானையை இழுத்துச் செருக வேண்டாம். நங்கையா இரண்டு கையையும் வீசிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிப் போய்விட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, காலை அகட்டி ஒரு பாறைமேல் உட்கார்ந்து கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னங்க நங்கையா, கால் வலிக்கவில்லையா என்று கேட்டேன். கால் இருப்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது என்றார்.

திரும்பி வரும்போது எங்கள் உடுப்புகள் எல்லாம் சோற்றுக் கஞ்சி நிறத்துக்கு வந்துவிட்டன. ஊருக்குள் போக ஆளுக்கு ஒரு சேலை கொண்டுவந்திருந்தோம். கோயமுத்தூர் விமான நிலையத்தில் நான் கழிவறைக்குப் போய்ச் சேலைக்கு மாறினேன். நங்கையாவும் பையைத் திறந்து சேலையைக் கையில் எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

"ஊட்டுக்குப் போயி மாத்திக்கறேன். அது வரைக்கும் பயணந்தானே சாமி."

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் எருமப்பட்டி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். பட்டப்பகல். பஸ் நிறைய அவர் ஊர் ஆட்கள். அவர் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து, நீ கிளம்பு என்று கையைக் காட்டினார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் போன் செய்தேன். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பக்கத்துத் தோட்டத்துப் பெண் மட்டும் அந்த வெளுத்த உடுப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே அக்கா என்று கண்கலங்கிவிட்டாளாம்.

"ஐயோ, நீங்க என்னங்க சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? இப்ப நல்லா ஆயிருச்சு சாமின்னு சொல்லிப்போட்டு ஊட்டுக்கு வந்துட்டேன்" என்றார்.