கிராம்பு வாசனையும் கிருமிநாசினி சிமெண்ட்டும்

பல் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருப்பவர்கள் இரண்டு ரகம்: வாயைத் திறக்கப் பயப்படும் நோயாளி, வாயை மூடத் தெரியாத மருந்துக் கம்பெனி ரெப். தொண்ணூறுகளின் கடைசியில் நான் இரண்டு ரகத்திலும் இருந்தேன். சொத்தைப் பல்லை அடைக்க ஒரு புது சிமெண்ட். அடைப்பதோடு நிற்காமல் உள்ளே மிச்சமிருக்கும் கிருமியையும் கொல்லும் என்று சொல்லி விற்பது என் வேலை. வருஷம் முடிவதற்குள் ஒரு டாக்டராவது வாங்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் கடைவாய்ப் பல் சொத்தையாகி விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. பை தூக்கி அலைந்தவர்களே, சிரித்துக்கொண்டே வலியைப் பொறுப்பது உங்களுக்குப் புதிதா என்ன?

திருப்போரூர் வெயில்

சித்திரை மாதம், கரண்ட் இல்லை. டாக்டர் முன்னால் சிமெண்ட்டின் பொடியையும் திரவத்தையும் கண்ணாடித் தட்டில் குழைத்துக் காட்டினேன். சூட்டில் இந்தச் சிமெண்ட் சீக்கிரம் இறுகும் என்று கம்பெனியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். நான் கிருமி ஒழிப்பைப் பற்றிப் பேசிய பேச்சில் அது கல்லாகிவிட்டது. கரண்டியை இழுத்தால் கண்ணாடித் தட்டும் கூடவே வந்தது.

டாக்டர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். "பல்லுல எப்படியோ, கரண்டியில நல்லாவே ஒட்டுது."

கல்பாக்கம் கேள்வி

கல்பாக்கத்து டாக்டரிடம் பேசும்போது, நாற்காலியில் வாயில் பஞ்சோடு அணுமின் நிலைய விஞ்ஞானி ஒருவர் இருந்தார். பஞ்சை எடுத்துவிட்டு, இந்த மருந்து எத்தனை காலம் கிருமியைக் கொல்லும், யார் சோதித்தது என்று கேட்டார். கம்பெனி கொடுத்த வழவழ விளம்பரக் காகிதத்தில் அதற்குப் பதில் இல்லை. ஆயுசு முழுக்க என்று அடித்துவிட்டேன்.

"யாரோட ஆயுசு தம்பி? கிருமியோடதா?" என்றார். டாக்டர் பஞ்சைத் திரும்ப வைத்துவிட்டு எனக்குக் கதவைக் காட்டினார்.

கடப்பாக்கம் கேம்ப்

மிச்சமிருந்தது செங்கல்பட்டு டாக்டரம்மா ஒருவர்தான். அவர் கடப்பாக்கத்தில் நடத்திய இலவச பல் கேம்புக்கு, நல்ல பேர் வாங்கலாம் என்று நானாகவே போனேன். வரிசையில் நின்ற பெண்களிடம் பல் வலியைத் தள்ளிப்போடாதீர்கள் என்று பிரசங்கம் செய்தேன். முதல் ஆளாக நின்ற மீன்கார அக்கா என் முகத்துக்கு நேரே மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். காலையில்தான் கிராம்புத் தைலம் தோய்த்த பஞ்சைப் பல்லுக்குள் திணித்திருந்தேன்.

"ஊரு பல்லுக்கெல்லாம் மருந்து எடுத்துக்கினு வந்துகீற, உன் வாயில இன்னாத்துக்கு நைனா கிராம்பு வாசன?" வரிசையே சிரித்தது. டாக்டரம்மாவும்.

செங்கல்பட்டு நாற்காலி

மறுநாள் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். ஆர்டர் என்று துள்ளிப் போனால் நாற்காலியைக் காட்டினார். உன் சிமெண்ட்டை உன் பல்லில் வைப்பேன், ஆறு மாதம் தாங்கினால் வாங்குவேன் என்றார். எனக்கு அந்த நாற்காலி என்றாலே பயம். வேலை போகும் பயம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சொத்தை நரம்பைத் தொட்டிருக்கும் என்று திட்டிக்கொண்டே குடைந்தார். தட்டை ஐஸில் வைத்துக் குழைக்கும்படி நான் ஜாடையில் கெஞ்சினேன். திருப்போரூரில் கற்ற ஒரே பாடம் அது.

ஆறு மாதம் கழித்து, வருஷக் கடைசியில் போய் நின்றேன். கண்ணாடியை விட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினார். வலிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது பல்லுக்காகவா வேலைக்காகவா என்று இன்றும் தெரியாது.

"சரக்கு அனுப்பச் சொல்லுங்க. அடுத்த கேம்புக்கு நீங்களும் வாங்க. பேச வேணாம், வாயைத் திறந்து காட்டினா போதும்."

எத்தனையோ சரக்கு விற்றுவிட்டேன், ஆனால் நான் மனசார நம்பி விற்ற ஒன்று இன்னும் என் கடைவாயில்தான் இருக்கிறது.